பழுப்பேறிய தொடர்கதைகளை லேமினேட் செய்யலாமா?

கேள்வி: வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைப் பிரித்தெடுத்துப் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். லயன், முத்து காமிக்ஸும் சந்தா கட்டி வாங்குகிறேன். பழைய தாள்கள் ஓரம் உதிர்கின்றன. லேமினேட் செய்வதா, பைண்டிங் செய்வதா? வீட்டில் எடைக்குப் போடச் சொல்கிறார்கள்.

பதில்: எடைக்குப் போடாதீர்கள். லேமினேட்டும் வேண்டவே வேண்டாம். அன்றைய வார இதழ்கள் பெரும்பாலும் மரத்தை அப்படியே அரைத்துச் செய்த மலிவுத் தாளில் அச்சானவை. அதில் தங்கிவிடும் லிக்னின் என்கிற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். நாளாக ஆகத் தாளில் அமிலம் கூடி நார்களை அறுக்கும். லேமினேட் செய்தால் அந்த அமிலத்தையும் சேர்த்து உள்ளே பூட்டிவிடுகிறீர்கள். பிறகு பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே முடியாது.

பைண்டிங்குக்கு முன் ஒரு சோதனை. எழுத்தில்லாத ஒரு மூலையை முன்னும் பின்னுமாக மெதுவாக மடியுங்கள். இரண்டு மூன்று மடிப்பில் ஒடிந்தால் அந்தத் தாள் ஊசியைத் தாங்காது. துருப்பிடித்த பின்னை மட்டும் எடுத்துவிட்டு, அமிலமில்லாத தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் படுக்கை வசத்தில் வையுங்கள். ஒடியாதவற்றைத் தைக்கக் கொடுக்கலாம். ஆனால் பைண்டரிடம் ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்கள் கை பழக்கத்தில் மூன்று பக்கமும் சீவிவிடுவார்கள். படத்தின் ஓரமும் பக்க எண்ணும் போய்விடும். மைதாப் பசையையும் குறைக்கச் சொல்லுங்கள், இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது.

இனிமேல் கதையை மட்டும் பிரித்தெடுக்காமல் இதழை முழுசாக வையுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்தபோது அத்தியாயத்தோடு இருந்த ஓவியர் மணியத்தின் படமும், அந்த வாரத்து விளம்பரமும், வாசகர் கடிதமும் அந்த இதழில்தான் இருக்கின்றன. ஏற்கெனவே பிரித்தவற்றில் இதழின் பெயரையும் தேதியையும் பென்சிலால் குறித்துவிடுங்கள். தேதி இல்லாத தாள் ஆய்வாளருக்கு அவ்வளவாகப் பயன்படாது.

காமிக்ஸில் ஆர்ட் பேப்பரில் வந்தவை அவ்வளவு சீக்கிரம் பழுப்பேறாது. அவற்றுக்கு எதிரி ஈரம். நனைந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் வண்ணம் உரிந்து வரும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் கட்டிலடியும் கூடாது.

சரி, சந்தா. ஆசையாகப் படிக்கிறவரை தாராளமாகக் கட்டுங்கள். உறை பிரிக்காமலே சேர்கிற இதழ் எதுவோ அதை மட்டும் அடுத்த ஆண்டு நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் நல்ல பெட்டிகள் வாங்குங்கள்.

இடம் போதவில்லை என்றால் நூலகத்துக்குக் கொடுக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. இதழ், ஆண்டு, மாதம் என்று ஒரு பட்டியல் போட்டு, நூலகத்தாரிடம் இல்லாதவை எவை என்று முதலில் கேளுங்கள். மூட்டையை அப்புறம் அனுப்பலாம்.