வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையை வகுப்பில் எப்படிக் கற்பிப்பது?

கேள்வி: பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குக் காரணம் கேட்டால், “வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை கடுமையானது” என்ற ஒரே வரியை எல்லா மாணவர்களும் எழுதுகிறார்கள். சமாதானப் பேச்சு எவ்வாறு அடுத்த மோதலுக்கு வழிவகுக்கிறது என்பதை இரண்டு, மூன்று பாடவேளைகளில் புரியவைக்க முடியுமா?

பதில்: அந்த வரி முழுத் தவறு அன்று. ஆனால் அதை எழுதும் மாணவர் 1939-இல் நின்றுகொண்டு 1919-ஐத் திரும்பிப் பார்க்கிறார். ஆகவே முதல் இரண்டு பாடவேளைகளில் ஹிட்லரின் பெயரையே எடுக்காதீர்கள்.

முதல் பாடவேளையில் முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் சமாதானம் பேசப் பாரிசில் கூடியவர்கள் எந்த நெருக்கடியோடு வந்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. அதன் வடபகுதி போர்க்களமாகிச் சிதைந்திருந்தது. ஜெர்மானியரிடம் அடைந்த 1870–71 தோல்வியையும் கண்டிருந்த பிரெஞ்சுப் பிரதமர் கிளெமன்சோவுக்கு ஜெர்மனி மீண்டும் படையெடுக்கும் என்ற அச்சமே முதன்மையாக இருந்தது. பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ், ஜெர்மனியிடம் இழப்பீடு வசூலிப்போம் என்ற முழக்கத்தோடு 1918 டிசம்பர் தேர்தலில் வென்றவர். அதே சமயம் பிரிட்டனின் வணிகத்துக்கு ஜெர்மனி மீண்டெழவும் வேண்டியிருந்தது. அமெரிக்க அதிபர் வில்சனோ அமைதிக்கான தம் பதினான்கு அம்சங்களோடு வந்தார். உடன்படிக்கைக்கு ஒப்புதல் தரவேண்டிய அமெரிக்க மேலவையான செனட் அவருடைய எதிர்க்கட்சியின் கையில் இருந்தது.

வகுப்பை இந்த மூன்று நாடுகளின் குழுக்களாகப் பிரித்து, பிரான்சை ஒட்டிய ஜெர்மன் பகுதியான ரைன்லாந்தை என்ன செய்வது என்ற ஒரே சிக்கலைத் தீர்க்கச் சொல்லுங்கள். எல்லாச் சிக்கல்களையும் கொடுத்தால் நேரம் போதாது. சத்தம் மட்டுமே மிஞ்சும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தாள் போதும்: பெற வேண்டியது, விட்டுக்கொடுக்க முடியாதது, தாய்நாட்டில் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது.

பிறகு உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள். ரைன்லாந்தை ஜெர்மனியிலிருந்து பிரிக்க பிரான்ஸ் விரும்பியது. மற்ற இருவரும் மறுத்தனர். நேச நாட்டுப் படைகள் அங்கே 15 ஆண்டுகள் வரை தங்கலாம், ஜெர்மன் படை எக்காலத்திலும் அங்கே நிற்கக்கூடாது, ஜெர்மனி காரணமின்றித் தாக்கினால் அமெரிக்காவும் பிரிட்டனும் துணைவரும் என்ற வாக்கின்பேரில் கிளெமன்சோ இறங்கிவந்தார். அமெரிக்க செனட் உடன்படிக்கையையே நிராகரித்தது. துணைவரும் வாக்கு அங்கே ஒப்புதல் பெறவே இல்லை. அதைச் சார்ந்திருந்த பிரிட்டனின் வாக்கும் கலைந்தது. விட்டுக்கொடுத்தது போனதுதான், அதற்கு ஈடாகக் கிடைக்கவேண்டியது வரவில்லை. பாதுகாப்பை இழந்த பிரான்ஸ் இழப்பீட்டையே இறுகப் பற்றிக்கொண்டது; தவணை தவறியதைக் காட்டி 1923 ஜனவரியில் பெல்ஜியத்தோடு சேர்ந்து ஜெர்மனியின் தொழிற்பகுதியான ரூர் பகுதிக்குள் படையை அனுப்பியது. பாடநூல்கள் அதிகம் பேசாத இந்தத் தொடர்ச்சிதான் உங்கள் கேள்விக்கு மிக நேரடியான விடை என்பது என் கருத்து.

இரண்டாம் பாடவேளையில் நான்காவது குழுவாக ஜெர்மனியைச் சேர்த்து, அவர்களை வகுப்புக்கு வெளியே வராந்தாவில் உட்காரவையுங்கள். 1919 மே 7 அன்று வரைவு அவர்களிடம் தரப்பட்டது. நேரில் பேச அனுமதியில்லை, எழுத்தில் மட்டுமே ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்த எழுத்துக்கும் சிறிது பலன் இருந்தது: போலந்துக்கு ஒதுக்கப்பட்ட மேல் சைலீசியாவில் பொதுவாக்கெடுப்பு நடத்த நேச நாடுகள் இசைந்தன. ஆனால் ஜூன் 28 அன்று கையெழுத்திட்டவர்கள் போரை நடத்திய பேரரசர் கெய்சரோ தளபதிகளோ அல்லர். புதிய குடியரசின் அமைச்சர்கள். போர்நிறுத்தத்தை வற்புறுத்தியது இராணுவத் தலைமையே. ஆயினும் படை உள்நாட்டாரால் முதுகில் குத்தப்பட்டது என்று அதே தலைமையின் ஹிண்டன்பர்க் 1919 நவம்பரில் விசாரணைக் குழு முன் கூறினார். போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட ஜெர்மன் அரசியல்வாதி எர்ஸ்பெர்கர் 1921-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். நிபந்தனைகள் எவ்வளவு கடுமையானவை என்பதோடு, அவற்றை ஏற்ற பழி யார் தலையில் விழுந்தது என்பதையும் மாணவர்கள் இங்கே காண்பார்கள்.

(இந்தியாவும் கையெழுத்திட்டது என்பதைப் போகிறபோக்கில் சொல்லுங்கள்; இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவும் பிகானிர் மகாராஜாவும் ஒப்பமிட்டனர். சீனாவின் ஷான்டுங் பகுதியில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகள் ஜப்பானுக்குத் தரப்பட்டதால் சீனா கையெழுத்திட மறுத்தது.)

மூன்றாம் பாடவேளையில் கரும்பலகையில் ஒரு காலக்கோடு வரையுங்கள். 1921-இல் இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என நிர்ணயிக்கப்பட்டது. 1924-இல் டாவ்ஸ் திட்டம் தவணைகளைத் தளர்த்தியது. 1925-இல் லொகார்னோ ஒப்பந்தத்தில் ஜெர்மனி தன் மேற்கு எல்லையை மனமொப்பி ஏற்றது. 1926-இல் பன்னாட்டுச் சங்கத்தில் சேர்ந்தது. 1928 தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி பெற்றது 2.6 விழுக்காடு வாக்கு. பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியபின், 1930 செப்டம்பரில், அது 18.3 விழுக்காடு. உடன்படிக்கை மட்டுமே காரணம் என்றால் 1928-இன் எண்ணை எப்படி விளக்குவது என்று கேட்டுவிட்டு, உடனே விடை சொல்லாமல் காத்திருங்கள்.

நேரம் மிஞ்சினால் துருக்கியை ஒப்பிடலாம். 1920-இல் திணிக்கப்பட்ட செவ்ர் உடன்படிக்கையைத் துருக்கியத் தலைவர் முஸ்தபா கெமால் போரிட்டு முறியடித்தார். 1923-இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் துருக்கியும் மேசையில் அமர்ந்து பேசியது. அங்கே வகுத்த எல்லைகள் பெரும்பாலும் இன்றும் நிற்கின்றன. இதையும் வெற்றிக்கதையாகச் சொல்லிவிட வேண்டாம்: கிரேக்கத்துடன் செய்துகொண்ட கட்டாய மக்கள் பரிமாற்றத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சொந்த ஊரை நிரந்தரமாக இழந்தனர்.

தேர்வு வினாவையும் மாற்றுங்கள். “உடன்படிக்கையின் விளைவுகளை எழுதுக” என்பது மனப்பாடத்தையே கேட்கிறது. “1925-இல் ஒரு பாரிஸ் நாளிதழின் ஆசிரியர் அமைதி நீடிக்கும் என்று நம்ப என்ன காரணங்கள் இருந்தன, அஞ்ச என்ன காரணங்கள் இருந்தன?” என்று கேளுங்கள், 1925-க்குப் பிந்தைய நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டினால் மதிப்பெண் இல்லை என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.