கேள்வி பதில்: மரக்கறியைக் காக்கும் கழியூதா ஒளி

கேள்வி (களுதாவளை, தக்காளிச் செய்கையாளர்): ஐயா, பறித்த தக்காளிக்குக் கழியூதா ஒளி காட்டினால் அழுகாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: அழுகல் பிந்தும், முற்றாக நிற்காது. தாழ் அமுக்க இரச விளக்கு தரும் 254 நானோமீற்றர் அலைநீளமுள்ள சீ வகைக் (UV-C) கழியூதாக் கதிர், தோலின் மேலுள்ள பங்கசு வித்திகளின் டீஎன்ஏயைச் சிதைக்கிறது. அதனிலும் எனக்குப் பெரிதாகப் படுவது, அளவான ஒளி பட்ட காய் தன் எதிர்ப்புப் பொருள்களைத் தானே உண்டாக்கிக்கொள்வதும், பழுப்பது தாமதமாவதும் ஆகும். தக்காளிக்குச் சதுர மீற்றருக்கு 3.7 கிலோயூல் ஒளிச்சக்தி என்ற அளவு ஆய்வுகளில் பலன் தந்திருக்கிறது. காய் இருக்கும் இடத்தில் சதுர மீற்றருக்கு 10 வாற்று, அதாவது செக்கனுக்கு 10 யூல், விழுந்தால் 370 செக்கனில் அந்த அளவு சேர்ந்துவிடும். மிஞ்சினால் தோல் கருகும்.

இக்கதிர் தோலைத் தாண்டி உள்ளே போகாது, நிழலிலும் வேலை செய்யாது. நான் முதன்முதலில் பெட்டியோடு வைத்துப் பார்த்தபோது, மேல்வரிசைக் காய்கள் இறுக்கமாகவே இருக்க, கீழே ஒன்றோடொன்று முட்டிய இடங்களிலும் காம்புக் குழிகளிலும் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஆகவே ஒற்றை வரிசையாகப் பரப்பி, இடையில் விளக்கை அணைத்துவிட்டு உருட்டிவிடுங்கள். எரியும் விளக்கைப் பார்க்காதீர்கள்; கண்ணும் தோலும் புண்படும்.

கேள்வி (அக்கரைப்பற்று, வியாபாரி): பூச்சி பிடிக்கும் நீல விளக்கு போதுமா?

பதில்: போதாது. அது ஏ வகைக் கழியூதா; சீ வகையைப் போல் வித்திகளின் டீஎன்ஏயைச் சிதைக்காது.

கேள்வி (செட்டிபாளையம்): வெயிலிலும் கழியூதா உண்டே, முற்றத்தில் பரப்பினால் என்ன?

பதில்: சூரியனின் சீ வகைக் கதிர் நிலத்துக்கு வருவதில்லை, வளிமண்டலமே அதை மறித்துவிடுகிறது.

கேள்வி (அவரே): எங்கள் அப்பப்பா மிளகாயை வெயிலில் போட்டுத்தானே மாதக்கணக்கில் வைத்திருந்தார்?

பதில்: அவர் செய்தது செத்தல் மிளகாய், தம்பி. ஈரம் போனதால் பங்கசு வளரவில்லை. நாம் இங்கே பேசுவது ஈரம் குறையாமல் காப்பதைப் பற்றி. வெயிலில் கிடந்த தக்காளி சூடேறி, சுவாசம் கூடி, இன்னும் விரைவாகவே வாடும். இரண்டையும் ஒன்றாக்கினால் உங்கள் அறுவடைதான் வீணாகும்.

கேள்வி (கல்முனை): எத்தனை நிமிடம் வைக்க வேண்டும்?

பதில்: மேலே கணக்கோடு எழுதியிருக்கிறேன். விளக்கின் வாற்றை வைத்து நிமிடம் சொல்ல முடியாது. காய் இருக்கும் தூரத்தில் கருவியால் அளக்க வேண்டும். கண்ணைக் காக்க மறவாதீர்கள்.

கேள்வி (பொத்துவில்): விளக்கை வெளியே வைத்து, கண்ணாடி வழியாக ஒளி விடலாமா?

பதில்: சாதாரணக் கண்ணாடி இக்கதிரை மறித்துவிடும்.

கேள்வி (வாழைச்சேனை): ஒளி காட்டிய பின் கடை முகப்பில் அடுக்கலாமா?

பதில்: உடனே வேண்டாம். வெளிச்சம் பட்டால் சிதைந்த டீஎன்ஏயை நுண்ணங்கிகள் சில திருத்திக்கொள்ளும். முதலில் இருட்டில், இயன்றால் 12 பாகை செல்சியஸ் அளவில் வையுங்கள்.