கூழை ஏன் நிறுத்தினீர்கள்?

குடியாத்தத்திலிருந்து 54 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மாதவிலக்கு நின்று நான்கு வருடமாகிறது. அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். அந்தப் பயத்தில் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில், டி-ஸ்கோர் மைனஸ் 1.8 என்று வந்திருக்கிறது. "கேழ்வரகில் இருக்கும் ஏதோ ஒன்று கால்சியத்தை உடம்பில் சேரவிடாது என்று வீடியோவில் பார்த்துக் கூழை நிறுத்திவிட்டேன். பதிலுக்கு தினமும் பாலக் கீரை. பக்கத்து வீட்டு அக்கா பிரண்டை சாப்பிடச் சொல்கிறார். மகள் சோயா மாத்திரை வாங்கித் தருகிறேன் என்கிறாள். காலையில் தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் போடுகிறேன். வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்.

மைனஸ் 1.8 என்பது எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்கும் கீழே போனாலோதான் எலும்புப்புரை என்பார்கள். ஆனால் அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். உங்கள் டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். மருந்து தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

முதல் வேலையாகக் கூழைத் திரும்ப ஆரம்பியுங்கள். வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை. கேழ்வரகில் பைட்டேட் என்றொரு பொருள் இருக்கிறது. விதை தனக்காகச் சேர்த்து வைக்கும் பாஸ்பரஸ் அது. குடலில் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் வீடியோக்காரர் கூழ் காய்ச்சிப் பார்த்தவராகத் தெரியவில்லை. நம் பக்கத்தில் மாவை அப்படியே காய்ச்சிக் குடிப்பதில்லையே! ராத்திரி கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய் போட்டுக் களியாகக் கிண்டி, அதையும் ஒரு இரவு விட்டு, அப்புறம்தான் மோர் ஊற்றிக் கரைக்கிறோம். மாவு புளிக்கும்போது உண்டாகும் அமிலத்தில், பைட்டேட்டைச் சிதைக்கும் நொதிகள் நன்றாக வேலை செய்யும். முளைகட்டி அரைத்தாலும் பைட்டேட் குறையும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. மோரும் சேரும்போது காலைச் சாப்பாட்டிலேயே ஒரு நல்ல பங்கு வந்துவிடும். உங்கள் வயதில் ஒரு நாளுக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரை. மீதிக்குப் பால், தயிர், எள், நெத்திலிக் கருவாடு என்று பார்த்துக்கொள்ளலாம். கருவாட்டுக்கு உப்பு அதிகம், அளவோடு போதும்.

வேடிக்கை என்னவென்றால், கூழுக்குப் பதிலாக நீங்கள் பிடித்துக்கொண்ட பாலக்தான் இந்த விஷயத்தில் பெரிய கஞ்சன். பாலில் உள்ள கால்சியத்தில் நூற்றுக்கு முப்பது பங்குக்குச் சற்றுக் குறைவாக உடம்பில் சேர்கிறது. பாலக்கில் சேர்வது ஐந்து பங்குதான். அதிலுள்ள ஆக்ஸலேட் என்ற பொருள் கால்சியத்தை இறுகக் கட்டிவிடுகிறது. கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் கொஞ்சம் ஆக்ஸலேட் போகும், கட்டுப்பட்ட கால்சியம் திரும்பி வராது. மற்ற சத்துகளுக்காக பாலக்கை வாரம் ஒருநாள் சாப்பிடுங்கள். கால்சியத்துக்கு வேண்டுமானால் முள்ளங்கி இலை, நூக்கல் இலை, காலிஃபிளவர் இலை. கோஸ் குடும்பத்தில் ஆக்ஸலேட் மிகக் குறைவு. மார்க்கெட்டில் இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு எடை போடச் சொல்கிறோம். கிள்ளாமல் வாங்கி வாருங்கள். கூழுக்கு முள்ளங்கி இலைப் பொரியல் அருமையாக இருக்கும்.

பிரண்டைக்கு வருவோம். எலும்பு ஒட்ட வைக்கும் கொடி என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். விலங்குகளில் செய்த சோதனைகள் சிலவற்றில் முறிந்த எலும்பு சீக்கிரம் கூடியிருக்கிறது. மனிதர்களில் நடந்த ஆய்வுகள் சிறியவை. அடர்த்தி குறைந்த எலும்பைப் பழையபடி ஆக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். இன்னொன்று: பிரண்டையை உரிக்கும்போது கை அரிக்கிறதே, அது கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகளின் வேலை. அதனால், பிரண்டையில் கால்சியம் நிறைய என்று சொல்லி யாராவது பொடி விற்றால் நம்ப வேண்டாம். இளம் கொழுந்தாக எடுத்து, நாரை உரித்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளி வைத்து அரைத்த துவையல் என்றால் ருசிக்காகச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தவிர்ப்பது நல்லது.

சோயா மாத்திரைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. சோயாவிலுள்ள ஐசோஃப்ளேவோன்கள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போன்ற வடிவம் கொண்டவை. மாதவிலக்கு நின்றபின் எலும்பு வேகமாகக் கரைவது ஈஸ்ட்ரோஜன் குறைவதால்தான் என்பதால், இவற்றின்மேல் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. சில ஆய்வுகளில் சிறு பலன் கிடைத்தது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. ஆளுக்கு ஆள் குடல் பாக்டீரியா மாறுவதும் ஒரு காரணம். சோயா உருண்டையைக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டால் புரதமாவது மிஞ்சும். எலும்புக்குப் புரதமும் வேண்டும்.

வெயில் படாமல் வைட்டமின் டி போதிய அளவு கிடைப்பது கடினம், அது இல்லாமல் கால்சியம் சரியாகச் சேராது. வேலூர் வெயிலுக்குப் பஞ்சமில்லை, நாம்தான் ஒளிந்துகொள்கிறோம். ரத்தத்தில் அளவு பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் இடம் கொடுத்தால் படி ஏறுங்கள், மாதம் ஒருமுறை வள்ளிமலைக்குப் போனாலும் சரி.

இப்போது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி விஷயம். தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் போடாதீர்கள். கால்சியம் தைராய்டு மாத்திரையிலுள்ள தைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் கூழ், கால்சியம் மாத்திரை மதியச் சாப்பாட்டோடு. இரண்டு மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இருக்கட்டும். ஆனால் மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிரித்துப் போட ஆரம்பித்ததும், இதுவரை ஓரளவு வீணாகிக்கொண்டிருந்த தைராக்ஸின் கூடுதலாகச் சேரத் தொடங்கலாம். அது அளவுக்கு மிஞ்சினால் எலும்பைக் கரைக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுத்து, டோஸைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.