லெ மான்: சனி இரவு எங்கே இருப்பீர்கள்?

வணக்கம் அண்ணா,

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அதிலிருந்து பிடித்த ஆசை. அடுத்த ஜூனில் பிரான்ஸ் போய் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை நேரில் பார்க்க வேண்டும். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நிறைய பந்தயங்கள் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் இதுதான் முதல். அப்பாவும் வருகிறார். 62 வயது. இளவயதில் சோழவரம் பந்தயம் பார்க்க ரயிலேறிப் போனவர், இப்போது முழங்கால் வலி, சுத்த சைவம். பாரிஸில் நான்கு நாள் தங்கி, சனிக்கிழமை லெ மான் போய்த் தொடக்கத்தைப் பார்த்துவிட்டு, இரவு கடைசி ரயிலில் திரும்பலாம் என்பது திட்டம். லெ மானில் ஓட்டல் வாடகை கட்டுப்படியாகவில்லை. டயர் மாற்ற, எரிபொருள் போட கார்கள் வந்து நிற்கிற பிட்டுக்கு எதிரே கேலரி டிக்கெட் எடுக்கலாமா? ஒரு நாள் போதுமா?

ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்.,

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்பதே பெரிய சந்தோஷம். ஆனால் அந்தக் கடைசி ரயிலை மட்டும் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பந்தயம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்குகிறது. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகும். நீங்கள் ரயிலுக்குக் கிளம்பும்போதுதான் கார்களின் விளக்கு கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருக்கும். பகலில் ஐந்தாறு மணி நேரம் கார் ஓடுவதைப் பார்க்க உலகத்தில் வேறு எத்தனையோ பந்தயங்கள் இருக்கின்றன. லெ மானுக்குப் போவது அந்த இருட்டுக்காக. நல்ல இருட்டு என்று பார்த்தால் பதினொன்றிலிருந்து ஐந்து மணி வரைதான், ஆறு மணிக்கெல்லாம் விடிந்துவிடும். அதனால் அதிகாலை இரண்டு மணிக்கு எங்கே நிற்பீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தங்குமிடம், டிக்கெட், தூக்கம் எல்லாவற்றையும் அதை வைத்துப் பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

என்னைக் கேட்டால் ஆர்னாஜ் திருப்பம். தடத்தின் முழு நீளம் 13.6 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் சாதாரண நாட்களில் பொதுச்சாலை. முல்சான் நேர்தடம் என்பது லெ மானிலிருந்து தூர் நகரத்துக்குப் போகும் சாலையேதான். 1988இல் அந்த நேர்தடத்தில் ஒரு கார் மணிக்கு 405 கிலோமீட்டரைத் தொட்டது. 1990இல் இரண்டு இடங்களில் வளைத்துவிட்டார்கள். அப்படியும் கார்கள் 330க்கு மேல் போகின்றன. நேர்தடத்தின் ஓரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். அது முடிகிற முல்சான் திருப்பத்திலும், அதற்கடுத்த இந்தியானாபொலிஸ், ஆர்னாஜ் பக்கமும் நின்று பார்க்க இடம் உண்டு. பந்தயத்தின்போது அங்கே போய்வர ஷட்டில் பஸ் விடுகிறார்கள்.

ஆர்னாஜ், தடத்திலேயே மெதுவான திருப்பம். கார் முதலில் தெரியாது, மரங்களின் மேல் வெளிச்சம்தான் தெரியும். பிறகு பிரேக். சக்கரத்துக்குள் டிஸ்க் செம்மஞ்சளாகக் கனன்று, கார் திரும்பி முடிப்பதற்குள் மங்கிவிடும். கியர் ஒவ்வொன்றாக இறங்குகிற சத்தம், எரிந்த பிரேக்கின் வாசம், அப்புறம் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மார்புக்குள் ஓர் அதிர்வு. கொஞ்ச நேரம் நின்றால் கண்ணை மூடிக்கொண்டே காரைச் சொல்லிவிடலாம். கேடிலாக்கின் வி8 உறுமல் அடித்தொண்டையில் வரும். 2025இல் வந்து சேர்ந்த ஆஸ்டன் மார்ட்டின் வல்கைரியின் வி12 வீறிட்டுக்கொண்டு வரும். ஒரு கார் உங்களைக் கடந்தால் மறுபடி வர ஏறத்தாழ மூன்றரை நிமிடம். மூன்று பிரிவுகளில் அறுபதுக்கு மேற்பட்ட கார்கள் ஓடுவதால் தடம் காலியாகவே இருக்காது.

இதைத் தவறவிட்டுப் பாரிஸில் போய்த் தூங்குவீர்களா?

சரி, மழை பெய்தால்? பெய்யும். 2024இல் இரவு மழையில் நான்கு மணி நேரத்துக்கு மேல், வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் போகிற பாதுகாப்பு காரின் பின்னால் எல்லாரும் ஊர்வலம் போனார்கள். அந்த ஓர் இரவை மட்டும் நம்பி வந்தவர்களுக்கு எவ்வளவு ஏமாற்றம்! அதனால்தான் வியாழக்கிழமையே லெ மான் வந்துவிடுங்கள் என்கிறேன். வியாழன் பயிற்சி ஓட்டம் நள்ளிரவு வரை நடக்கும். கூட்டமும் சனிக்கிழமை அளவுக்கு இருக்காது. அப்பாவின் முழங்கால் சனி இரவு ஒத்துழைக்காமல் போனால்கூட, கார்கள் இருட்டில் ஓடுவதை அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார். வெள்ளிக்கிழமை தடத்தில் ஓட்டம் கிடையாது. அன்று ஊருக்குள் ஓட்டுநர்களின் ஊர்வலம், காசு கொடுக்காமல் பார்க்கலாம். பழைய கார்களில் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டே போவார்கள். கொஞ்சம் முன்னதாகப் போய் அப்பாவுக்கு உட்கார ஓர் இடம் பிடித்துவிடுங்கள்.

தங்குவது. ஓட்டலை மறந்துவிடுங்கள். இளைஞர்கள் கூட்டமாக வந்தால் தடத்தை ஒட்டிய முகாம்களில் கூடாரம் போடச் சொல்வேன். ஆனால் ஜூன் இரவிலும் குளிர் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். வலிக்கிற முழங்காலோடு தரையில் படுப்பது வேண்டாம். பந்தய வாரத்தில் ஊர்க்காரர்கள் பலர் தங்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறார்கள். அப்படி ஒன்றை டிராம் பாதைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். ரயில் நிலையத்திலிருந்து பந்தயத் தடம் வரை டிராம் போகிறது. அந்த ஆண்டு சனி இரவுக்கான டிராம் அட்டவணையைப் பார்த்துவிட்டு அறையை உறுதி செய்யுங்கள். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவி அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், ஆகவே பாரிஸைப் பந்தயத்துக்குப் பிறகு இரண்டு நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

கேலரி விஷயத்தில், நீங்கள் தனியாகப் போனால் வேண்டாம் என்றிருப்பேன். பொது நுழைவுச் சீட்டிலேயே டன்லப் பாலம், டெர்த்ர் ரூஜ் பக்கத்துப் புல்மேடுகளில் நின்று அருமையாகப் பார்க்கலாம். அப்பா வருவதால் இருவருக்குமே கேலரி எடுங்கள். அது பொது நுழைவுக்கு மேல் தனியாக வாங்குவது. பந்தயம் முழுக்க அந்த இருக்கை உங்களுடையது, எழுந்து போய்விட்டுத் திரும்பி வரலாம். தொடக்கத்தையும் பிட் நிறுத்தங்களையும் அங்கிருந்து பாருங்கள். இருட்டியதும் அப்பாவோடு ஆர்னாஜ். அவர் களைத்தால் அறைக்கு. நீங்கள் திரும்பி வரலாம்.

கேலரியில் உட்கார்ந்ததும் எதிரே தெரிகிற பிட் சுவரை அப்பாவுக்குக் காட்டுங்கள். 2009இல் உங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் ஆடி காரில் இந்தப் பந்தயத்தில் ஓட்டவிருந்தார். தொடங்குவதற்குச் சற்று முன் அந்தச் சுவரருகே விழுந்து தோள் மூட்டு விலகி, ஓட்ட முடியாமலே போய்விட்டது. மூன்று ஆண்டு கழித்து, 2012இல், சென்னை கருண் சந்தோக் இங்கே ஓட்டி ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்தார். லெ மான் 24 மணி நேரத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். கருணின் அப்பா விக்கி சந்தோக்கும் பந்தய வீரர்தான். சோழவரம் போனவர் என்றால் உங்கள் அப்பாவுக்கு அந்தப் பெயர் நன்றாகவே நினைவிருக்கும்.

கார்கள் ஓடினால் எதிரில் இருப்பவர் பேச்சு கேட்காது. இரண்டு பேருக்கும் காதடைப்பான் கட்டாயம். ஒரு சின்ன எஃப்எம் ரேடியோவும் ஹெட்போனும் எடுத்துக்கொள்ளுங்கள். 91.2இல் ரேடியோ லெ மான் 24 மணி நேரமும் ஆங்கில வர்ணனை தருகிறது. ஆர்னாஜில் நிற்கும்போது யார் முன்னால், யார் பிட்டுக்குப் போனார்கள் என்பதெல்லாம் அதில்தான் புரியும்.

சாப்பாடு கொஞ்சம் கஷ்டம்தான். ரியெத் என்று பன்றி இறைச்சியில் செய்வது அந்த ஊரின் பெருமை, எங்கே பார்த்தாலும் அதுதான். அப்பாவுக்குப் பெயர் சொல்லி விசாரிக்காமல் எந்த சாண்ட்விச்சும் வாங்க வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி, தயிர், பழம் தாராளமாகக் கிடைக்கும். ஊரிலிருந்து இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போகலாம். நெய்யும் பால் இனிப்பும் கூடாது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருள் கொண்டுவரத் தடை இருக்கிறது.

வேலையை இப்போதே தொடங்குங்கள். டிக்கெட்டை நடத்துகிற கழகமே, ஆட்டோமொபைல் கிளப் து லூவெஸ்ட், தன் தளத்தில் விற்கிறது. 2025இல் வந்தவர்கள் 3,32,000 பேர். கேலரி இருக்கைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும், ஆகவே விற்பனை தொடங்கும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். பிரான்ஸ் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். சென்னையில் கோடைக்கால நேர ஒதுக்கீடு கிடைப்பது திண்டாட்டம், ஏப்ரல் வரை இழுக்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அப்பாவின் முழங்கால் மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கேலரிக்குத் திரும்பிவிடுங்கள். நான்கு மணிக்குக் கொடி விழுந்ததும் கூட்டம் தடத்துக்குள்ளேயே இறங்கிப் பரிசு மேடைக்குக் கீழே போய் நிற்கும். அப்பாவை அந்த நெரிசலில் இறக்க வேண்டாம், கேலரியிலிருந்தே மேடை தெரியும். அன்று மாலை பாரிஸ் ரயில்கள் பிதுங்கும். அறையை ஞாயிறு இரவுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு, திங்கள் காலை வண்டிக்கு டிக்கெட் எடுங்கள்.

அன்புடன்.