முற்றத்துத் தண்ணீரை எங்கே அனுப்புவது?

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதி தண்ணீரைப் பற்றியவை. மற்றவையும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகின்றன.

எட்டுப் பேர்ச் காணி. சேறு வேண்டாமென்று முற்றம் முழுவதும் இன்டர்லொக் கல் பதித்தோம். இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும் என்றார்கள். இப்போது முன்னறைக்குள் வருகிறது. (வெள்ளவத்தை)

கீழே இடமிருந்தால் இறங்கும். ஆனால் கல் பதிக்க வருபவர்கள் பலர் மண்ணை நன்றாக இடித்து இறுக்கி, இடுக்கையும் சீமெந்துக் கலவையால் அடைத்துவிட்டுப் போகிறார்கள். பெயர்தான் இன்டர்லொக், குணம் கொங்கிரீட். ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், அது கல்லுக்குள் போகிறதா, வாசலைத் தேடிப் போகிறதா என்று.

எட்டுப் பேர்ச் என்றால் ஏறத்தாழ 200 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர். ஒரு மாலையில் 50 மில்லிமீற்றர் கொட்டினால் கூரையும் முற்றமுமாக 10,000 லீற்றர். கொழும்பில் அப்படிப்பட்ட மாலைகள் அபூர்வமில்லை.

எல்லாக் கல்லையும் பெயர்க்க வேண்டாம். கூரைத் தண்ணீரை இறக்கும் பீலிக்குழாய் விழும் பக்கத்தில், மதிலிலிருந்து இரண்டடி தள்ளி, இரண்டடி அகலத்தில் ஒரு பட்டையை மட்டும் எடுங்கள். மதிலை ஒட்டித் தோண்டினால் அதன் அத்திவாரம் ஆட்டங்காணும். வீட்டு அத்திவாரத்திலிருந்து பத்தடியாவது விலகியிருக்கட்டும். கிணறு, மலக்குழி இரண்டிலிருந்தும் இன்னும் தூரம். இரண்டரை அடி ஆழம் வெட்டி, வடிகட்டித் துணி விரித்து, தூள் இல்லாமல் கழுவிய கருங்கல் சல்லியால் நிரப்புங்கள். நீளம் பத்து மீற்றர் என்றால் கல்லிடுக்குகளில் மட்டும் சுமார் 1,800 லீற்றர் நிற்கும். மண்ணில் ஊறுவது வேறு கணக்கு. நிரம்பி வழிவதற்கு வீதிக் கானுக்கு ஒரு குழாய் கட்டாயம்.

தோண்டுமுன் ஒரு சோதனை. ஓரடிக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி வற்றவிட்டு, மாலையில் மறுபடி ஊற்றுங்கள். விடிந்தும் தண்ணீர் நின்றால் அந்த இடம் இதற்கு ஆகாது. இதைச் செய்யாமல் பத்தரமுல்லையில் களிமண்ணில் ஒரு பட்டை வெட்டினேன், என் தொழிலின் இரண்டாம் வருடத்தில். நான்கு நாள் தண்ணீர் அசையவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்காரர் பீ.எச்.ஐ.யோடு (பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு) காத்திருந்தார். உங்கள் பக்கம் கடற்கரை மணல் கலந்திருந்தால் அதிர்ஷ்டம்.

சல்லிப் பட்டையின் மேலே மண் போட்டுக் கல்வாழையும் வெட்டிவேரும் வையுங்கள். இரண்டும் மழையில் நிற்கும், வெயிலுக்கும் வாடிப்போகா. வல்லாரை தானாக வந்துவிடும். வாகனம் நிறுத்தும் முற்றமென்றால் அதைச் சம்பலுக்குப் பறிக்காதீர்கள்.

கொலன்னாவைப் பக்கம் பத்துப் பேர்ச் மலிவாக வருகிறது. கொஞ்சம் பள்ளம். நாலடி மண் போட்டால் சரி என்கிறார் தரகர். (வெல்லம்பிட்டி)

தரகருக்குச் சரி. பத்துப் பேர்ச்சில் நாலடி என்றால் ஏறத்தாழ 109 கியூப் மண் (ஒரு கியூப் நூறு கன அடி). முதலில் அந்தச் செலவைக் காணி விலையோடு கூட்டிப் பாருங்கள். அந்தப் பள்ளம் வெள்ளத்தில் மூன்று லட்சம் லீற்றர் பிடித்து வைத்திருந்த பாத்திரம். நீங்கள் நிரப்பினால் அது அடுத்த வீட்டுக்குப் போகும். அவர் ஐந்தடி நிரப்பினால் உங்களிடம் திரும்பி வரும். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. சான்றிதழ் ஒரு பக்கம், டிப்பர் வண்டி மறுபக்கம்.

அந்தப் பள்ளம் சதுப்பு நிலமென்றால், மண்ணுக்குக் கீழே மக்கிய தாவரப் படை இருக்கும். மேலே பாரம் ஏற அது வருடக்கணக்கில் அமுங்கும், சுவர் வெடிக்கும். தாழ்நிலத்தை அனுமதியின்றி நிரப்புவது குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும். அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால், வாங்காதீர்கள்.

மழைநீர்த் தாங்கி வைத்தால் டெங்கு வராதா? (கொட்டாஞ்சேனை)

மூடியும், வழிந்தோடும் குழாயின் வாயில் நுண்வலையும் இருந்தால் நுளம்புக்கு அங்கே வேலையில்லை. நான் பயப்படுவது தாங்கிக்கல்ல, இலை அடைத்த பீலிக்கும் பூச்சாடித் தட்டுக்கும்தான். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்தால் போதாது, தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டிக் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

தொடர்மாடியின் மொட்டை மாடியில் ஓரடி மண் நிரப்பிப் புல்வெளி அமைக்கலாமா? (பம்பலப்பிட்டி)

ஈர மண் ஓரடிக்குச் சதுர மீற்றருக்கு 500 கிலோவைத் தாண்டும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியைப் பொதுவாக 150 கிலோ அளவுக்கே கணக்கிட்டுக் கட்டுவார்கள். ஆகவே கட்டமைப்புப் பொறியியலாளரின் கையெழுத்து இல்லாமல் ஒரு கூடை மண்ணும் ஏறக்கூடாது. ராஜகிரியவில் மாடிதோறும் மரம் வளர்க்கும் கட்டடத்தைக் காட்டி எழுதியிருக்கிறீர்கள். அது வரைபடத்திலேயே அந்தப் பாரத்தைச் சுமந்து பிறந்தது. உங்களுக்கு, தூண்களுக்கு நேர்மேலே தும்புத்தூளும் கொம்போஸ்டும் கலந்த தொட்டிகள். அதையும் அந்தப் பொறியியலாளரிடம் காட்டிவிட்டு வையுங்கள்.

மகன் நிலத்தோற்றக் கட்டடக்கலை படிக்க வேண்டுமாம். தோட்டவேலைக்கு ஒரு பட்டமா? (வத்தளை)

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. மேலே உள்ள நான்கு பதில்களும் அந்தப் படிப்பின் வேலைதான், ஒருமுறை வாசியுங்கள். பூ எத்தனை இடத்தில் வந்தது?

வீட்டைப் பெருப்பிக்க ஒரு பலா மரம் இடைஞ்சல். தறித்துவிடலாமா? (தெகிவளை)

உங்கள் காணியில் நின்றாலும் கேட்காமல் தறிக்க முடியாது. பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றுக்கும் 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அதற்குமுன் அறையை ஆறடி தள்ளினால் என்ன, தொடர் அத்திவாரத்துக்குப் பதில் தனித் தூண்களில் நிறுத்தினால் என்ன என்று பார்ப்போம். வரைபடத்தை அனுப்புங்கள். நெஞ்சுயரத்தில் தண்டின் சுற்றளவையும், மரத்திலிருந்து சுவர் எத்தனை அடி என்பதையும் அளந்து எழுதுங்கள்.