ஜெயிலில் இருந்தபோது கர்தினால் பதவி

கேள்வி: ஜெர்மனியில் ஒரு பேராயர் சிறையில் இருக்கும்போதே கர்தினால் ஆனார் என்று எங்கள் பங்குச்சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். அவர் என்ன குற்றம் செய்தார்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் சாமியார் சொன்னது மியெச்சிஸ்லாவ் லெடுகோவ்ஸ்கியை. போலந்துப் பிரபு குடும்பத்தில் 1822இல் பிறந்தவர். அப்போது போலந்து என்றொரு நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா (பிற்பாடு ஜெர்மனியை ஒன்றாக்கிய அரசு), ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

ஆளைப் பெரிய புரட்சிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். போப்பாண்டவரின் தூதரகப் பணியில் லிஸ்பன், கொலம்பியா, பிரஸ்ஸல்ஸ் என்று சுற்றியவர். நாசூக்காகப் பேசத் தெரிந்தவர். 1866இல் அவர் பிரஷ்யாவின் பங்கில் இருந்த போஸ்னான்–க்னியெஸ்னோ பேராயராக வந்ததில் பிரஷ்ய அரசுக்கே சந்தோஷம். வந்ததும் குருக்கள் அரசியலில் தலையிடக் கூடாது என்றார். கோவிலில் தேசபக்திப் பாட்டுக்கும் தடை போட்டார். ‘இவர் ராஜாவின் ஆள்’ என்று போலந்துக்காரர்களே முணுமுணுத்தார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான்.

அப்புறம் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் கத்தோலிக்கத் திருச்சபையோடு மோத ஆரம்பித்தார். பள்ளியில் ஞானோபதேசத்தையும் ஜெர்மனில்தான் நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. வீட்டில் போலிஷ் மட்டுமே பேசும் சின்னப் பிள்ளைகளுக்கு வேதத்தை வேறு மொழியில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? கீழ் வகுப்புகளில் போலிஷிலேயே நடத்துங்கள் என்றார் பேராயர். அவ்வளவு நாள் அரசோடு ஒத்துப்போனவர் இந்த இடத்தில் மட்டும் நகரவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதனால்தான்.

1873 மே மாதச் சட்டங்கள் இன்னும் கடுமை. குருவாக வேண்டுமானால் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் படித்து, அரசு வைக்கும் தேர்வும் எழுத வேண்டும். பங்குக்குக் குருவை நியமிக்குமுன் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இவர் தெரிவிக்காமலே நியமித்தார். அபராதம் மேல் அபராதம் விழுந்தது. இவர் கட்டவில்லை, சாமான்களை ஜப்தி செய்தார்கள். ராஜினாமா செய் என்றதற்கு, அரசு கொடுக்காத பதவியை அரசு கேட்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். 1874 பிப்ரவரி 3 அன்று கைது செய்து ஆஸ்த்ரூவ் என்ற ஊர்ச் சிறையில் அடைத்தார்கள். ஏப்ரலில் பெர்லின் நீதிமன்றம் அவரைப் பதவிநீக்கம் செய்தது.

போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) சும்மா இருப்பாரா? 1875 மார்ச் 15 அன்று அவரைக் கர்தினாலாக, அதாவது தமக்கு அடுத்த நிலையில் இருப்பவர்களில் ஒருவராக, அறிவித்தார். அமெரிக்காவின் முதல் கர்தினாலான நியூயார்க் மெக்லாஸ்கியும், லண்டன் மேனிங்கும் அதே நாளில்தான் கர்தினால் ஆனார்கள். சிறையிலிருந்து இவர் வெளியே வந்தது 1876 பிப்ரவரியில்தான்.

கேள்வி: அப்புறம் போஸ்னானுக்குத் திரும்பினாரா?
– அதே வாசகி

பதில்: விடவில்லை. ஊரைவிட்டே துரத்தினார்கள். ரோமுக்குப் போய் வத்திக்கானிலேயே தங்கி, அங்கிருந்து மறைமாவட்டத்தை நடத்தினார். அதற்கும் பிரஷ்யா வழக்குப் போட்டது. கடைசியில் அடுத்த போப்பாண்டவர் பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) பிஸ்மார்க்கோடு சமாதானம் பேசினார். பேரத்தில் பலியானது இவருடைய பதவி. 1886இல் இவர் விலக, யூலியஸ் டிண்டர் என்ற ஜெர்மன்காரர் போஸ்னானுக்கு வந்தார். சட்டங்கள் தளர்ந்தது உண்மை. ஆனால் சிறைக்குப் போன மனிதரை விட்டுக்கொடுத்து வாங்கிய சமாதானம் அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: அவருக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு ஏதாவது உண்டா?
– வாசகர், திருகோணமலை

பதில்: உண்டு. 1892 முதல் 1902இல் இறக்கும்வரை, உலகத்து மிஷன் பகுதிகளைக் கவனிக்கும் ரோமின் ‘ப்ரொப்பகாந்தா’ அலுவலகத்துக்கு அவர்தான் தலைவர். உங்கள் திருகோணமலையும் இலங்கையின் காலி நகரமும் 1893இல் மறைமாவட்டங்கள் ஆனது அவர் காலத்தில்தான். 1899இல் புதுச்சேரியிலிருந்து கும்பகோணத்தைப் பிரித்ததும் அப்படியே. முதல் கேள்வி கேட்ட வாசகி இதையும் சாமியாரிடம் சொல்லலாம்.