முன்பணம் கேட்டால் அது ஆராய்ச்சி இல்லை

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ரத்தம் சரியாக உறையாத கடுமையான ஹீமோஃபீலியா ஏ நோய். மாதம் இரண்டு மூன்று முறை முழங்கால் வீங்கிவிடுகிறது. அப்போது மட்டும் ஜிஎச்சில் ஃபேக்டர் போடுகிறார்கள். ஜீன் தெரபி ஆராய்ச்சியில் சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் 2 லட்சம் முன்பணம் கேட்கிறார். வேலூரில் குணமான செய்தியையும் காட்டினார். நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

அவர் காட்டிய செய்தி உண்மைதான். உண்மையான செய்தியைக் காட்டித்தான் இந்த ஆட்கள் நம்ப வைக்கிறார்கள். ரத்தம் உறைய எட்டாம் எண் ஃபேக்டர் என்ற புரதம் வேண்டும். ஹீமோஃபீலியா ஏ உள்ளவர்களுக்கு அதுதான் குறைவு. அதைத் தயாரிக்கும் மரபணுவை ரத்த செல்களை உருவாக்கும் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களில் ஏற்றி, திரும்ப அவர் உடம்பிலேயே செலுத்தினார்கள் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள். அதன் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. கண்காணித்த காலத்தில் யாருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை. பெரிய சாதனை, எனக்கும் பெருமைதான். ஆனால் அதில் இருந்தவர்கள் மொத்தம் 5 பேர், எல்லோரும் 22 முதல் 41 வயதுக்குள். புதிய செல்களுக்கு எலும்பு மஜ்ஜையில் இடம் கிடைக்க, முதலில் கடுமையான கீமோ மருந்து கொடுக்க வேண்டும். 9 வயதுப் பையனை அதில் சேர்க்க ஒரு தரகரால் முடியாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த நோய்க்கான ஜீன் தெரபிக்கு அனுமதி கிடைத்ததும் பெரியவர்களுக்கு மட்டும்தான்.

ஒன்றை மனதில் வையுங்கள். ஆராய்ச்சியில் சேர நோயாளி பணம் கட்டுவதில்லை. பாதிப்பு வந்தால் ஆராய்ச்சி நடத்துகிறவர்தான் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். இந்தியாவின் 2019 மருத்துவ ஆராய்ச்சி விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டின் பதிவு எண், நெறிமுறைக் குழு அனுமதி, உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம், இந்த மூன்றையும் கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். "ஸ்டெம் செல் ஊசி" என்று விளம்பரம் செய்யும் இடங்களும் இதே ரகம்தான். ஒரு குடும்பம் நிலத்தை விற்று அப்படி ஓர் இடத்தில் பையனின் முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு, மூட்டு முழுக்க ரத்தத்தோடு என்னிடம் வந்தது. அந்தக் கால் இன்றுவரை நேராக நீளவில்லை.

சரி, உங்கள் பையனின் முழங்காலுக்கு வருவோம். வீங்கிய பிறகு ஃபேக்டர் போடுவது போதாது. வீங்காமல் இருக்க முன்கூட்டியே, முறையாகப் போட வேண்டும். உலக ஹீமோஃபீலியா கூட்டமைப்பின் 2020 வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசம். இருந்தும் "ஸ்டாக் இல்லை, வீங்கினால் வாங்க" என்று குழந்தைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். இன்று மிச்சம் பிடிக்கும் மருந்துக்கு நாளை ஒரு முழங்காலையே விலையாகக் கொடுக்கிறோம். இதை எத்தனை கூட்டத்தில் சொல்வது?

ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயம் சோதித்துவிடுங்கள். ஃபேக்டர் போட்டும் வீக்கம் வடியவில்லை, முன்பை விட அதிக டோஸ் தேவைப்படுகிறது என்றால், அந்த ஃபேக்டரையே அழிக்கும் எதிர்ப்புப் பொருள் உடம்பில் உருவாகியிருக்கலாம். இதை இன்ஹிபிட்டர் என்கிறோம். கடுமையான வகையில் இது அபூர்வமல்ல. "இன்ஹிபிட்டர் டெஸ்ட் எடுங்கள்" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். இருந்தால் எமிசிசுமாப் என்ற மருந்து பற்றிப் பேசுங்கள். தோலுக்கு அடியில் போடும் ஊசி. வாரம் ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒன்று, நான்கு வாரத்துக்கு ஒன்று என்று போடலாம். இன்ஹிபிட்டர் இல்லாதவர்களுக்கும் பயன்படும். ஆனால் இந்த ஊசி போட்ட பிறகு ஏபிடிடி என்ற சாதாரண உறைதல் பரிசோதனை நார்மல் என்றே காட்டும். அதைப் பார்த்து "ரத்தம் நன்றாக உறைகிறது" என்று பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ துணிந்துவிடுவார்கள். மருந்தின் பெயரை ஓர் அட்டையில் எழுதி, பையன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும்படி செய்யுங்கள்.

அடுத்த முறை போகும்போது கால் வீங்கிய தேதிகள், போட்ட டோஸ், வடிய எத்தனை நாள் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன் வேண்டாம், பாராசிட்டமால் போதும். இடுப்பில் தசை ஊசி போட யாரையும் விடாதீர்கள்.